கேஜ் லீன் என்கிறது, பிளக் கரியாக இருக்கிறது

என்னிடம் இருப்பது பழைய மாருதி எஸ்டீம். 1.3 லிட்டர், 16 வால்வு ஜி13பிபி இன்ஜின். வாங்கும்போதே வேலை பார்த்திருந்த வண்டி: டியூரேஷன் கூடிய (வால்வுகளை அதிக நேரம் திறந்து வைக்கும்) கேம், நாலு புகை பைப்பை இரண்டாக்கி ஒன்றாக்கும் 4-2-1 ஹெடர், கம்பெனி ஈசியுவுக்கு (எவ்வளவு பெட்ரோல் என்று முடிவு செய்யும் கம்ப்யூட்டர்) பதில் நாமே டியூன் செய்யக்கூடிய ஸ்பீடுயினோ, சைலன்சர் பைப்பில் ஆக்சிஜனை அளக்கும் பாஷ் எல்எஸ்யூ 4.9 வைட்பேண்ட் சென்சார், அது சொல்வதைக் காட்ட ஒரு கேஜ். மிதித்தால் பறக்கும். மெதுவாகப் போவதில்தான் வம்பு. 60 கிலோமீட்டர் வேகத்தில் ஆக்சிலரேட்டரை அசைக்காமல் பிடித்தாலும் யாரோ பின்னாலிருந்து இழுத்து இழுத்து விடுவது போல ஓடும். சிக்னலில் நின்றால் ஆர்பிஎம் ஏறி இறங்கும், பெட்ரோல் வாடை உள்ளே வரும்.

லேப்டாப்பை மாட்டி லாக் எடுத்துப் பார்த்தால் ஐடிலில் (மிதிக்காமல் நின்றபடி ஓடும்போது) காற்று-எரிபொருள் விகிதம் 16-க்கு மேல் காட்டியது. கேஜ் கணக்கில் சரியான அளவு 14.7. அதற்கு மேலே போனால் லீன், அதாவது பெட்ரோல் குறைவு; கீழே போனால் ரிச், பெட்ரோல் அதிகம். ஈசியு சும்மா இருக்குமா? ஆக்சிஜன் சென்சார் சொல்வதைக் கேட்டுப் பெட்ரோலைக் கூட்டிக் கூட்டி, அனுமதித்த 20 சதவீத வரம்பில் போய் முட்டி நின்றது. ஆனால் பிளக்கைக் கழற்றினால் நாலும் அட்டைக்கரி. லீனாக ஓடும் இன்ஜினில் அப்படிக் கரி பிடிக்காது. இதில் ஒன்று பொய் சொல்கிறது, பிளக் பொய் சொல்லாது.

இன்னொரு சாட்சியும் கிடைத்தது. புகைச் சான்றிதழ் எடுக்கப் போன இடத்தில் கார்பன் மோனாக்சைடு அளவு எக்கச்சக்கமாக வந்தது. அது ரிச்சாக எரிவதற்கான அடையாளம். சான்றிதழ் கிடைக்கவில்லை, ஆனால் அந்தச் சீட்டு எனக்கு ஒரு கேஸ் அனலைசர் வேலையைச் செய்துவிட்டது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். ஆக்சிஜன் சென்சாருக்குப் பெட்ரோல் தெரியாது. புகையில் மிச்சமிருக்கும் ஆக்சிஜன் மட்டும்தான் தெரியும். அந்த ஆக்சிஜன் எங்கிருந்து வந்தாலும் 'லீன்' என்றுதான் சொல்லும். ஒரு சிலிண்டர் மிஸ்ஃபயர் ஆனால் எரியாத காற்று அப்படியே வெளியே வரும். சென்சார் லீன் என்னும். சென்சாருக்கு முன்னால் எங்காவது ஓட்டை இருந்தாலும் அதே கதைதான்.

முதலில் செய்தது, சென்சாரைக் கேட்டு ஈசியு பெட்ரோலைக் கூட்டிக் குறைக்கும் அந்த ஃபீட்பேக் கரெக்‌ஷனை மொத்தமாக அணைத்தது. ஃபீட்பேக் ஓடிக்கொண்டிருக்கும்வரை எது மேப்பின் (எந்த ஆர்பிஎம்மில், எந்த லோடில் எவ்வளவு பெட்ரோல் என்ற அட்டவணை) குறை, எது சென்சாரின் குறை, எது கன்ட்ரோலின் குறை என்று பிரிக்கவே முடியாது. ஒன்றின் மேல் ஒன்று பூசி மெழுகிவிடும். அணைத்ததும் சாலையில் அந்த இழுப்பு பெருமளவு நின்றது. ஆக, இழுப்புக்குக் காரணம் திருத்துகிறேன் என்று கிளம்பிய ஃபீட்பேக்தான். ஆனால் ஐடிலில் லீன் காட்டுவது அப்படியே இருந்தது. மேப்பில் அந்தக் கட்டங்களில் கையால் பெட்ரோலைக் கூட்டிப் பார்த்தேன். கண் எரிகிற அளவுக்கு வாடை வந்தும் கேஜ் 15-க்குக் கீழே இறங்க மறுத்தது.

சைலன்சர் வேலை பார்க்கும் அண்ணன் ஒருவரிடம் காலையில் வண்டி குளிர்ந்திருக்கும்போதே கொண்டுபோனேன். ஸ்டார்ட் செய்ததும் காதைச் சாய்த்தார். "டிக் டிக்குனு கேக்குதுங்களா தம்பி? சூடானா இரும்பு விரிஞ்சு சத்தம் அடங்கிப் போயிரும்" என்றார். இன்ஜினை அணைத்துவிட்டு, வேக்கும் கிளீனரின் காற்று ஊதும் பக்கத்தைத் துணி சுற்றி வால் பைப்பில் செருகி, ஜாயின்ட்டுகளில் சோப்புத் தண்ணீரைத் தெளித்தோம். நாலு பைப்பும் இரண்டாகச் சேரும் இடத்து வெல்டிங்கில் முடிபோல ஒரு விரிசல். அதில் நுரை பொங்கியது. ஹெட்டில் உட்காரும் கேஸ்கெட்டின் ஓரத்திலும் கொஞ்சம்.

புகை வெளியே அடித்துக்கொண்டிருக்கும் பைப்புக்குள் காற்று எப்படிப் போகும் என்று எனக்கும் சந்தேகம் இருந்தது. புகை ஒரே சீராகப் போவதில்லை, துடிப்புத் துடிப்பாகப் போகிறது. ஒரு துடிப்பு கடந்ததும் பின்னாலேயே அழுத்தம் குறைந்த அலை வரும். அந்த நொடியில் விரிசல் வெளிக்காற்றை உறிஞ்சும். ஐடிலில் புகை குறைவு என்பதால் உறிஞ்சிய காற்றின் பங்கு பெரிதாகத் தெரியும். முழுதாக மிதித்து ஓட்டும்போது புகை வெள்ளமாகப் போவதால் கணக்கில் சேராது. மிதித்தால் பறந்த வண்டி ஐடிலில் தடுமாறியதற்கு இதுதான் காரணம்.

விரிசலுக்கு வெல்டிங், ஹெட்டுக்குப் புதுக் கேஸ்கெட். சிலிகான் பேஸ்ட் தடவ வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். சாதாரண சிலிகானின் ஆவி சென்சாரைக் கெடுத்துவிடும். தடவித்தான் ஆக வேண்டுமென்றால் சென்சாருக்குப் பாதகமில்லாத வகை தனியாக இருக்கிறது.

ஐடில் கணக்குக்கு வந்துவிட்டது. ஆனாலும் வைட்பேண்ட் கேஜில் ஓர் எண், லேப்டாப்பில் வேறு எண். ரேடியேட்டர் ஃபேன் ஓடினால் வித்தியாசம் கூடியது. இது எர்த் பிரச்சினை என்பதற்கு இதைவிடத் தெளிவான அறிகுறி கிடையாது. சென்சார் கன்ட்ரோலரின் எர்த் ஒயர் டேஷ்போர்டுக்குக் கீழே பாடியில் முறுக்கியிருந்தது, ஈசியுவின் எர்த் இன்ஜின் பிளாக்கில். ஃபேனையும் ஹெட்லைட்டையும் போட்டுவிட்டு இரண்டுக்கும் நடுவே மல்டிமீட்டரை வைத்தால் 0.15 வோல்ட். என் கன்ட்ரோலரில் 0 வோல்ட் என்றால் விகிதம் 10, 5 வோல்ட் என்றால் 20. அப்படியானால் 0.15 வோல்ட்டுக்கு 0.3 விகிதம் தப்பு. ஈசியு நிஜத்தைவிட லீனாகப் படித்து, தேவையில்லாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. இரண்டு எர்த்தையும் பிளாக்கில் ஒரே போல்ட்டுக்குக் கொண்டுவந்ததும் எண்கள் ஒன்றாயின.

அப்புறம்தான் ஃபீட்பேக் கன்ட்ரோல். பழைய செட்டிங்கில் 4 இக்னிஷனுக்கு ஒருமுறை 3 சதவீதம் திருத்து என்று இருந்தது. பெட்ரோலைக் கூட்டினால் அது எரிந்து, வெளியே வந்து, சென்சார்வரை போய், கன்ட்ரோலர் கணக்குப் போட்டுச் சொல்ல நேரமாகும். அதை அளக்கலாம்: கரெக்‌ஷனை அணைத்து, மேப்பில் சட்டென்று 10 சதவீதம் கூட்டிவிட்டு, கேஜ் எப்போது அசைகிறது என்று லாக்கில் பார்த்தால் போதும். என் வண்டியில் ஐடிலில் சுமார் அரை நொடி. 850 ஆர்பிஎம்மில் நாலு சிலிண்டருக்கு நொடிக்கு 28 இக்னிஷன். அரை நொடிக்கு 14. முதல் திருத்தத்துக்குப் பதில் வருவதற்குள் ஈசியு மூன்று தடவை கூட்டிவிடும், 9 சதவீதம். பதில் வரும்போது ரிச். உடனே அதே அவசரத்தில் குறைக்கத் தொடங்கும். குளியலறையில் வெந்நீர்க் குழாயைத் திருகிவிட்டு, சூடு வருமுன்பே மறுபடி திருகுகிறவர் படும் பாடு இது. சாலையில் உணர்ந்த இழுப்பும் இதே ஆட்டம்தான்.

20 இக்னிஷனுக்கு ஒருமுறை, 1 சதவீதம், அதிகபட்சம் 8 சதவீதம் என்று மாற்றினேன். 1300 ஆர்பிஎம்முக்குக் கீழே கரெக்‌ஷனே வேண்டாம் என்று விட்டேன். இந்தக் கேமில் ஓவர்லேப், அதாவது காற்று வரும் வால்வும் புகை போகும் வால்வும் சேர்ந்து திறந்திருக்கும் நேரம், அதிகம். ஐடிலில் கொஞ்சம் புதுக்காற்று எரியாமலே வெளியே நழுவுவதால் எவ்வளவு சரிசெய்தாலும் கேஜ் சற்று லீனாகத்தான் காட்டும். அங்கே எண்ணைவிட இன்ஜின் ஓசையைக் கேட்டு டியூன் செய்வதே மேல். ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும் பெட்ரோல் வெட்டாகும்போது விகிதம் எங்கோ போய்விடும். 17-க்கு மேல் எதைப் படித்தாலும் திருத்தாதே என்றும் போட்டாயிற்று.

கடைசியாகப் பெட்ரோல். பழைய மேப் இ10 (10 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல்) காலத்தில் போட்டது; இப்போது பங்கில் வருவது இ20, அதாவது 20 சதவீதம். எத்தனால் கூடினால் அதே காற்றுக்கு எரிபொருள் அதிகம் வேண்டும், மேப்பையும் அதற்கேற்ப ஏற்ற வேண்டியிருந்தது. இதில் பலர் இடறும் இடம் ஒன்று உண்டு. இ20-க்குச் சரியான விகிதம் சுமார் 13.5 என்று படித்துவிட்டு டார்கெட்டை 13.5 ஆக்கிவிடுகிறார்கள். கேஜ் உள்ளுக்குள் அளப்பது லாம்டாவை, அதாவது தேவையான காற்றைப்போல எத்தனை மடங்கு காற்று இருக்கிறது என்பதை; சரியாக இருந்தால் 1. அதைப் பெட்ரோல் கணக்கில் பெருக்கி 14.7 என்று காட்டுகிறது, அவ்வளவுதான். எந்தப் பெட்ரோல் ஊற்றினாலும் லாம்டா 1 என்றால் அது 14.7 என்றே காட்டும். அதில் 13.5 வைத்தால் லாம்டா 0.92, ரிச். நான் கேஜையே லாம்டாவுக்கு மாற்றிவிட்டேன், தலைவலி விட்டது.

கரெக்‌ஷன் இல்லாமலே மேப்பைக் கட்டம் கட்டமாகச் சரிசெய்தபின் ஃபீட்பேக்கைத் திரும்பப் போட்டேன். கோவை எல் அண்ட் டி பைபாஸில் ஒரே வேகத்தில் ஓட்டி எடுத்த லாக்கில் அது கூட்டுவதும் குறைப்பதும் 2, 3 சதவீதத்துக்குள் அடங்குகிறது. பிளக் வெளிர் பழுப்புக்கு வந்திருக்கிறது. குளிர் நேரத்து ஸ்டார்ட் மட்டும் இன்னும் பிடிவாதம் பிடிக்கிறது. அதற்கு வார்ம்-அப் டேபிளில் தனியாக உட்கார வேண்டும்.