காவடி எடுக்கலாமா என்று கேட்ட பெரியவர்

தைப்பூசத்துக்குச் சில வாரங்கள் முன்பு எங்கள் நீரிழிவுப் பாதச் சிகிச்சைப் பிரிவுக்கு வந்த ஒரு பெரியவருக்கு நான் சொன்ன யோசனை சரிதானா என்பதை இன்றுவரை என்னால் தீர்மானிக்க முடியவில்லை. 10 கிராம் அழுத்தம் தரும் நைலான் இழையால் உள்ளங்காலைத் தொட்டபோது, பெருவிரலிலும் அதன் அடிமேட்டிலும் அவருக்கு உணர்ச்சியே இல்லை. மொரீசியசின் கோடை வெயிலில் காய்ந்த தார்ச்சாலையில் அந்தக் கால்கள் செருப்பின்றி நடந்தால், தோல் வெந்து கொப்புளித்தாலும் அவருக்குத் தெரியாது.

நடக்க வேண்டாம் என்றேன். மனைவி இறந்தபின் குடியில் விழுந்ததையும், காவடிக்கு முந்தைய பத்து நாள் விரதத்தில் மட்டும் அந்த நினைப்பே எழுவதில்லை என்பதையும் அவர் இங்குள்ள பேச்சுமொழியான கிரியோலில் நிதானமாகச் சொன்னார். பிறகு, "அதையும் விட்டுவிட்டால் நான் எதைப் பற்றிக்கொள்வது, சிஸ்டர்?" என்று கேட்டார்.

மன அழுத்தத்தில் சுரக்கும் கார்டிசாலும் அட்ரினலினும் கல்லீரலிலிருந்து சர்க்கரையை இரத்தத்தில் சேர்க்கின்றன என்று நோயாளிகளுக்கு விளக்குபவள் நான். அப்படியிருக்க, அவர் மனத்தைத் தணிக்கும் ஒன்றை எப்படித் தடுப்பது? விரத நாட்களில் அவருக்குச் சர்க்கரை குறைவது முருகன் அருளாலா, மது விலகியதாலா, மாலைதோறும் கோயிலில் கூடிப் பாடும் துணையாலா என்று பிரித்துச் சொல்லவும் இயலாது. எழுபதாயிரத்துக்கும் மேற்பட்ட அமெரிக்கச் செவிலியரைப் பல ஆண்டுகள் கவனித்து 2016-இல் வெளியான ஆய்வு, வாரத்தில் ஒரு முறைக்கு மேல் வழிபாட்டுக்குச் சென்ற பெண்களிடையே இறப்பு 33 விழுக்காடு குறைவு என்றது. பெரும்பாலும் கிறித்தவர்களான அப்பெண்களின் கணக்கை நம் பெரியவர்மேல் ஏற்ற முடியாது என்றாலும், கூடி வழிபடுவதை அலட்சியம் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

மருத்துவரிடம் பேசி, பட்டினியில் சர்க்கரையை அளவுக்கு மீறித் தாழ்த்தும் மாத்திரையைக் குறைக்கச் செய்தேன். காவடியை மகன் சுமக்கட்டும், நீங்கள் கோயில் வாசல்வரை காலணியோடு வந்து பாற்செம்பு ஏந்துங்கள் என்றேன். தலையசைத்தார். ஆனால் வெறுங்காலோடு முழுத்தொலைவும் அவரே காவடி சுமந்தார் என்று பின்னர் மகன் சொன்னார்.

மறுநாள் பாதங்களைக் காட்ட அவராகவே வந்தார். சிறு சிவப்பைத் தவிர ஒன்றுமில்லை. கண்டிப்பாகத் தடுத்திருந்தால் கேட்டிருப்பார் என்கிறார் உடன் பணிபுரிபவர். தடுத்திருந்தால் மறுநாள் வந்திருக்கவே மாட்டார் என்று நான் நம்புகிறேன், அல்லது நம்ப விரும்புகிறேன். அடுத்த தைப்பூசத்துக்குள் உணர்வற்ற இடங்கள் இன்னும் கூடியிருக்கலாம். அப்போதும் இதே யோசனையைச் சொல்லும் துணிவு எனக்கு இருக்குமா என்று தெரியவில்லை.