மைக் மியூட் கீயை லினக்ஸுக்குப் பழக்கிய கதை

வீட்டிலிருந்தே வேலை, நாள் முழுக்க மீட்டிங். லேப்டாப்பில் மைக்கை அணைக்கத் தனியாக ஒரு கீ இருந்தும், உபுண்டு என்ற லினக்ஸைப் போட்ட பிறகு அது வேலை செய்யவில்லை. ஒலியைக் கூட்டும், குறைக்கும் கீகளில் எந்தக் குறையும் இல்லை.

இப்படி ஆனால் பலரும் நேராக டெஸ்க்டாப் செட்டிங்ஸில் போய் ஷார்ட்கட்டை மாற்றுவார்கள். அதற்கு முன் கீ எங்கே தொலைகிறது என்று பாருங்கள். அழுத்தியதும் கீபோர்டு அனுப்புவது ஸ்கேன்கோடு, அதாவது அந்தக் கீக்குக் கீபோர்டு தரும் எண். லினக்ஸின் மையப் பகுதியான கெர்னல் அதைக் கீகோடாக, அதாவது இன்ன கீ என்று சொல்லும் தன் சொந்த எண்ணாக மாற்றும். அந்தக் கீகோடுக்கு என்ன செய்வது என்பதை டெஸ்க்டாப் பார்த்துக்கொள்ளும்.

எனக்கு அறுந்திருந்தது நடுவில். 'தெரியாத கீ அழுத்தப்பட்டது, செட்கீகோட்ஸ் கொண்டு அறிமுகப்படுத்து' என்று கெர்னலின் பதிவேடான லாகிலேயே எழுதியிருந்தது. ஆனால் செட்கீகோட்ஸ் என்ற கமாண்ட் செய்கிற மாற்றம் ரீஸ்டார்ட் செய்தால் போய்விடும். நிலைத்து நிற்க, கருவிகளை நிர்வகிக்கும் யூடெவின் ஹார்டுவேர் டேட்டாபேஸில்தான் எழுத வேண்டும்.

அழுத்தும் கீயின் எண்களைக் காட்டும் ஈவிடெஸ்ட் என்ற கருவியை ஓட்டிக் கீயை அழுத்தினேன். ஸ்கேன்கோடு 81. /etc/udev/hwdb.d ஃபோல்டரில் 90 என்று தொடங்கும் புதுக் கோப்பு வைத்தேன். முதல் வரியில் லேப்டாப் தயாரிப்பாளர், மாடல் பெயர். அடுத்த வரியில் 81 என்றால் மைக்மியூட். இந்த இரண்டாவது வரி ஒரு ஸ்பேஸ் விட்டுத்தான் தொடங்க வேண்டும், இல்லாவிட்டால் செல்லாது. டேட்டாபேஸை அப்டேட் செய்து, அதை மறுபடி படிக்கும்படி யூடெவை ட்ரிக்கர் செய்ததும் ஈவிடெஸ்டில் மைக்மியூட் என்று பெயரோடு வந்தது. டெஸ்க்டாப்போ அசையவே இல்லை!

காரணம் தெரிந்தபோது உண்மையிலேயே வியந்தேன். கெர்னலில் மைக்மியூட்டின் எண் 248. திரையையும் கீபோர்டையும் டெஸ்க்டாப்புக்காகக் கையாளும் எக்ஸ்11, கெர்னல் எண்ணோடு எப்போதும் 8 கூட்டிக்கொள்ளும், அதன் உச்ச வரம்பு 255. கூட்டினால் 256. ஒரே ஒரு எண்ணில் கீ வெளியே நின்றுவிட்டது. இதற்காகவே எக்ஸ்11-இன் கீபோர்டு வரையறையில் எஃப்20-ஐ மைக் மியூட்டாக வைத்திருக்கிறார்கள். சாதாரணக் கீபோர்டில் எஃப்12-க்கு மேல் கீயே கிடையாது, அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. அதன் எண் 190, எட்டைக் கூட்டினாலும் 198தான். என் கோப்பில் மைக்மியூட்டை எடுத்துவிட்டு எஃப்20 என்று போட்டேன். அடுத்த அழுத்தலில் திரையில் மைக் படம் குறுக்குக் கோட்டோடு வந்தது.

கீயிலுள்ள சின்ன விளக்கு இன்னும் எரியவில்லை. அது வேறு டிரைவரின் வேலை, அப்புறம் பார்க்க வேண்டும்.

நீங்கள் எழுதும் இப்படிப்பட்ட வரியை உங்கள் கணினியோடு நிறுத்திவிடாதீர்கள். யூடெவை உருவாக்கும் சிஸ்டம்டி திட்டத்தில் 60 என்று தொடங்கும் கீபோர்டு கோப்பு ஒன்று இருக்கிறது, இப்படி ஊர் ஊராக வந்து சேர்ந்த வரிகள்தான் அதில் நிறைய. அனுப்பும்போது உங்கள் மாடலுக்கு மட்டும் பொருந்தும்படி பெயரைப் போடுங்கள். அதே தயாரிப்பாளரின் வேறு லேப்டாப்பில் 81 வேறு கீயாக இருக்கலாம். நானும் என்னுடையதை அனுப்பிவிட்டேன்.