நாலு வாரம் மாத்திரை, ரெண்டு வாரம் லீவு

பிப்ரவரி 18, 2024

நாளை ராத்திரி முதல் மாத்திரை. சுனிடினிப், கிட்னி கேன்சருக்கான மாத்திரை, 50 மில்லிகிராம், தினமும் ஒன்று. நாலு வாரம் போட வேண்டும், ரெண்டு வாரம் லீவு, அப்புறம் மறுபடியும் நாலு வாரம். முப்பது வருஷம் கண்டக்டர் வேலை பார்த்தபோது எனக்கு இப்படி ஒரு லீவு கிடைத்ததே இல்லை.

2021 செப்டம்பரில் இடது சிறுநீரகத்தை எடுத்தார்கள். அதற்கு முன்னால் இரண்டு மாதம், ஒரு கிளினிக்கில் கல் என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். சிறுநீர் தேநீர் நிறத்தில் போகும், ஆனால் வலியே இருக்காது. வலி இல்லாத கல் எங்கே இருக்கிறது என்று அப்போதே கேட்டிருக்கலாம். நான் கேட்கவில்லை, வாழைத்தண்டுச் சாறு குடித்துக்கொண்டிருந்தேன். தெருவில் இன்றைக்கும் “கல்லுதானே எடுத்தாங்க?” என்கிறார்கள். கல்லு இல்லை, கட்டி. ரெண்டே ரெண்டு எழுத்துதான் மாறுகிறது என்று சிரித்துவிட்டு வந்துவிடுவேன்.

பாலாற்றில் வெள்ளம் வந்த அந்த நவம்பரில் தையல் ஆறாமல் வீட்டில் படுத்திருந்தேன். ஊரே பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தது. எனக்கு மட்டும் கொடுத்து வைக்கவில்லை. போன மாதம் ஸ்கேனில் நுரையீரலில் நாலைந்து பொட்டு தெரிந்தது. நாலாவது ஸ்டேஜ் என்றார் டாக்டர். ஸ்டேஜ் என்றால் எனக்குத் தெரிந்தது அடுக்கம்பாறை, கணியம்பாடி, கண்ணமங்கலம். அதை அவரிடம் சொன்னேன், அவர் சிரிக்கவில்லை. பாவம், சின்ன வயசு.

மார்ச் 5

இரத்தப் பரிசோதனைக்கு வரிசையில் நின்றபோது முன்னால் இருந்தவரின் தாடியைப் பார்த்தேன். வெள்ளை, கறுப்பு, வெள்ளை, கறுப்பு என்று பட்டை பட்டையாக, அணில் முதுகு மாதிரி. பார்த்துக்கொண்டே இருந்துவிட்டேன் போல. அவரே திரும்பி, “சுனிடினிபா அண்ணே?” என்றார்.

மாத்திரை போடுகிற நாலு வாரத்தில் முளைக்கிற முடி வெள்ளை, லீவில் முளைப்பது கறுப்பாம். ஒரு வருஷக் கணக்கைத் தாடியில் வைத்துக்கொண்டு திரிகிறார் மனுஷர். ஆம்பூர்க்காரர், ஷூ கம்பெனியில் சூப்பர்வைசராக இருந்தவர். அவருக்கும் எனக்கும் ஒரே வாரக் கணக்கு. அதனால்தான் ஒரே நாளில் வரிசையில் நிற்கிறோம்.

கால் எப்படி இருக்கிறது என்று கேட்டார். லேசாக எரிகிறது என்றேன். செருப்பைக் கழற்றச் சொல்லி, அத்தனை பேர் நடுவில் குனிந்து என் குதிகாலை அழுத்திப் பார்த்தார். “இன்னும் பத்து நாள்ல வெடிக்கும். இப்பவே யூரியா கிரீம் ஆரம்பிங்க. வெந்நீர்ல கால் வைக்காதீங்க. வெறுங்காலோட வாசலுக்குக்கூடப் போகாதீங்க.” யூரியா என்றால் வயலுக்குப் போடுவதுதானே என்றேன். அதே பெயர்தானாம்.

மாத்திரையால் கால் வெடிக்கும் என்று டாக்டரும் சொல்லியிருந்தார், அச்சடித்த தாளும் கொடுத்திருந்தார்கள். தாளில் படித்தபோது எனக்குக் காலே இல்லை போல இருந்தது.

மார்ச் 10

அந்த ஆம்பூர் பாய் கூப்பிட்டார் என்று சாயந்திரம் வேலூர்க் கோட்டை மைதானத்துக்குப் போனேன். அகழி ஓரம் புல்தரையில் நாலு பேர் கூடினோம். குடியாத்தம் அக்கா வந்திருந்தார். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் ஆபரேஷன், இப்போது மூன்றாவது மருந்தில் இருக்கிறார். இன்னொருவர் வங்காளத்திலிருந்து வந்த பள்ளிக்கூட மாஸ்டர். மனைவியோடு காந்தி ரோட்டுப் பக்கம் லாட்ஜில் தங்கியிருக்கிறார். அந்தப் பக்கம் பாதி போர்டு வங்காள எழுத்தில்தான் இருக்கும். என் பஸ்ஸில் ஆஸ்பத்திரி பெயரைச் சொல்லி “சி.எம்.சி., சி.எம்.சி.” என்று பதறிக்கொண்டு இறங்கிய அவர்கள் ஊர்க்காரர்கள் எத்தனை பேர். சில்லறை இல்லை என்று நான் எரிந்து விழுந்ததும் உண்டு. அவர்கள் கையிலிருந்த பெரிய கவருக்குள் என்ன இருந்தது என்று இப்போது தெரிகிறது.

மாஸ்டர் என்னை ‘தாதா’ என்று கூப்பிடுகிறார். அவர் ஊரில் அண்ணன் என்று அர்த்தமாம். வீட்டில் சொன்னேன். என் மனைவிக்குச் சிரிப்பு அடங்கவில்லை. உடம்பு இருக்கிற லட்சணத்தில் தாதாவாம்.

எல்லாரும் கேட்பார்களே, கீமோ இல்லையா, முடி கொட்டவில்லையா என்று. இந்த வகைக்குக் கீமோ அவ்வளவாகக் கேட்காது. ஏன் என்று மாஸ்டரைக் கேட்டேன். போண்டா மடித்த தாளில் படம் போட்டார். பாதி இங்கிலீஷ், பாதி கைஜாடை. நான் புரிந்துகொண்டது இது. உடம்பில் காற்று, அதாவது ஆக்சிஜன், குறைகிறதா என்று கவனிக்கிற ஏற்பாடு ஒன்று இருக்கிறது. பெரும்பாலும் நமக்கு வருகிற வகைக் கட்டியில் அதோடு சேர்ந்த வி.எச்.எல். என்ற மரபணு கெட்டுப்போகிறது. உடனே அந்தச் செல், காற்று இருக்கும்போதே இல்லை என்று பொய் சொல்லிப் புது இரத்தக் குழாய்களை வரவழைத்துக் கொழுக்கிறது. மாத்திரை அந்தக் குழாய்களை வளரவிடாமல் தடுக்கிறது. அந்தக் காற்று விஷயத்தைக் கண்டுபிடித்த மூன்று பேருக்கு 2019-இல் நோபல் பரிசு கொடுத்தார்களாம். தாளில் எண்ணெய்க் கறை. இருந்தாலும் மடித்துப் பையில் வைத்துக்கொண்டேன்.

அக்கா பேசியதெல்லாம் கணக்கு. பி.பி.யைத் தினமும் எழுது. ஒரு கிட்னிக்காரன் வலி மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கித் தின்னாதே. ராத்திரி ஒன்பது மணிக்கு போனில் அலாரம் வை, மறதிக்கு இடம் கொடுக்காதே. என் போனைப் பிடுங்கி அவரே வைத்தும் கொடுத்தார். பாய் போனிலும் ஒன்பதுதான், அதுவும் அக்கா வைத்ததுதான்.

மார்ச் 24

லீவு வாரம். வாய்ப்புண் ஆறுகிறது, நாக்குக்கு உப்பு தெரிகிறது.

ரமலான் மாதம். ஒற்றைக் கிட்னியோடு தண்ணீர் குடிக்காமல் இருக்கக் கூடாது என்று பாயை நோன்பு வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நாற்பது வருஷமாக விடாத மனுஷர். அதைப் பற்றி அதிகம் பேசவில்லை. ஆனால் பள்ளிவாசலிலிருந்து தூக்கில் நோன்புக் கஞ்சி கொண்டுவந்தார். மூன்று வாரமாக எதைத் தின்றாலும் தகரம் சப்பிய மாதிரி இருந்த வாய்க்கு, பூண்டும் புதினாவும் மணக்கிற அந்தக் கஞ்சி தொண்டையில் உராயாமல் இறங்கியது. இரண்டு டம்ளர் குடித்தேன். பாய் குடிக்கவில்லை. பாங்கு சொல்லட்டும் என்று உட்கார்ந்திருந்தார்.

ஏப்ரல் 7

மாஸ்டரை ஊருக்கு அனுப்பக் காட்பாடி ஸ்டேஷன் போனோம். கேன்சர் நோயாளிக்கு ஸ்லீப்பரில் டிக்கெட் முழுக்கச் சலுகை, துணைக்கு வருகிறவருக்கு முக்கால் பங்கு. சான்றிதழ் வாங்கத்தான் அலைச்சல். ரயில் வந்ததும் மாஸ்டர் மனைவி என் மனைவி கையைப் பிடித்துக்கொண்டு வங்காளத்தில் ஏதோ சொன்னார். இவளும் தமிழில் பதில் சொன்னாள். என்ன சொன்னார் என்று கேட்டேன். “சாப்பிடவே மாட்டேங்கறாராம்” என்றாள். சரியாகத்தான் இருக்கும்.

ஏப்ரல் 19

ஓட்டுப் போட்டேன். வெயில் காலையிலேயே மண்டையைப் பிளந்தது. பள்ளிக்கூட வராந்தாவில் செருப்பைக் கழற்றவில்லை. குதிகாலில் இரண்டு கொப்புளம். போன சுற்றைவிட இந்தச் சுற்று மோசம்.

பாய் தன் கையாலேயே இன்சோல் வெட்டிக் கொடுத்திருக்கிறார். என் காலைத் தாளில் வைத்து வரைந்து, கொப்புளம் இருக்கிற இடத்தில் பள்ளம் விட்டு, மேலே மெல்லிய ஆட்டுத்தோல் ஒட்டியிருக்கிறார். அதற்கு மேல் சுற்றிக்கொள்ள அக்கா பழைய கைலித் துணி அனுப்பினார். அவர் வீட்டுத் தறியில் நெய்ததாம். துவைத்துத் துவைத்துப் பஞ்சாகிவிட்டது. ஆம்பூர்த் தோலும் குடியாத்தம் கைலியும் போட்டுக்கொண்டு நடக்கிறேன், வட ஆற்காடு மொத்தமும் என் காலடியில்.

ஏப்ரல் 28

விரல் நுனி உரிகிறது. ஓட்டு மையும் தோலோடு பாதி போய்விட்டது. நேற்று ரேஷன் கடையில் மெஷின் என் ரேகையை ஏற்கவில்லை. கட்டைவிரல், ஆள்காட்டி, இடது கை, வலது கை, எதுவும் இல்லை. எச்சில் தொட்டுத் தொட்டு லட்சக்கணக்கில் டிக்கெட் கிழித்த விரல்கள் இவை. கடைசியில் மனைவி வந்து விரல் வைத்தாள், அரிசி வந்தது. வரும் வழியில் ஒன்றும் பேசவில்லை. எனக்கு அழுகை வந்தது, அரிசிக்காக இல்லை.

இன்று சாயந்திரம் அக்கா வரவில்லை. போனை மகன் எடுத்தான். மருந்தை நிறுத்திவிட்டார்களாம். கேட்கவில்லையாம்.

மே 9

ஸ்கேன். முன்கூட்டியே கிட்னிக்கான கிரியேட்டினின் டெஸ்ட் பார்த்து, தண்ணீர் குடிக்கச் சொல்லி, ஊசி போட்டு உள்ளே தள்ளினார்கள். மருந்து ஏறும்போது உடம்பெல்லாம் சூடு பரவும். முடிவு நாளைக்கு மறுநாள்.

பாய் கூடவே உட்கார்ந்திருந்தார். ஒன்றும் சொல்லவில்லை. உறவுக்காரர்கள் வந்தால் “தைரியமா இருங்க” என்பார்கள். அதைக் கேட்டால்தான் எனக்கு வயிறு கலங்கும்.

மே 11

பொட்டுகளில் ஒன்று சுருங்கியிருக்கிறது, மற்றவை அப்படியே. புதிதாக ஒன்றும் இல்லை. மாத்திரை தொடரும். முதலில் அக்காவுக்குத்தான் போன் போட நம்பரைத் தேடினேன், அப்புறம் போடவில்லை. அரை மணி கழித்து அவரே கூப்பிட்டார். “என்னடா, சொல்ல மாட்டியா?”

மே 14

வைகாசி ஒன்று. குடியாத்தம் கெங்கையம்மன் சிரசுத் திருவிழா. திருவிழாவுக்கு என்று வீட்டில் சொல்லிவிட்டு நானும் பாயும் பஸ் ஏறினோம். ஊர் முழுக்கத் தலை. அம்மன் சிரசு போகிற வழியெல்லாம் தேங்காய் உடைத்து, தரையே தண்ணீராக வழுக்கியது. என் காலுக்காக பாய் முன்னால் நடந்து வழி விலக்கிக்கொண்டே போனார்.

அக்கா வாசல் திண்ணையில் கயிற்றுக் கட்டிலில் படுத்திருந்தார். கால் இரண்டும் வீங்கி மினுமினுத்தது. முகம் சிறுத்துவிட்டது. உட்கார்ந்ததும் “காலைக் காட்டு” என்றார். காட்டினேன். இன்சோலைத் திருப்பிப் பார்த்து, பாயிடம் ஓரத்தில் தையல் போடச் சொன்னார். பி.பி. நோட்டைக் கேட்டார். கொண்டுவரவில்லை என்றதற்குத் திட்டு விழுந்தது. உள்ளே தறி ஓடுகிற சத்தம் இல்லை, திருவிழா லீவு.

இருட்டியதும் கிளம்பலாம் என்றோம். வாணவேடிக்கை பார்த்துவிட்டுப் போங்கள் என்றார். மருமகள் இட்லி வைத்தாள். அக்கா அரை இட்லியைப் பாலில் கரைத்துக் குடித்தார். வானத்தில் முதல் வெடி பூத்தபோது என் போன் அடித்தது. பாய் போனும் அடித்தது. கட்டிலில் தலையணைக்கு அடியிலிருந்து மூன்றாவதாக ஒன்றும் அடித்தது. ஒன்பது மணி.

அக்கா கையை விட்டு அதை அணைத்தார். உள்ளே பார்த்து, “ரெண்டு பேருக்கும் தண்ணி கொண்டாம்மா” என்றார்.