ஸ்டார் தேர்வுக் கட்டுரை: 6, 7, 8ஆம் வகுப்புப் பிள்ளைகள் மதிப்பெண்ணை விடுகிற இடம்

டெக்சஸில் ஸ்டார் (STAAR, மாநிலம் ஆண்டுதோறும் பள்ளிப் பிள்ளைகளுக்கு நடத்தும் தேர்வு) ரிசல்ட் வந்துவிட்டது. வாசிப்புக் கேள்விகளில் வெளுத்து வாங்கிய பிள்ளைகள், நீண்ட கட்டுரையில் மட்டும் 10க்கு 4, 5 என்று நிற்பதைப் பார்த்தால் மனசு ஆறவில்லை. நாள் முழுக்க ஆங்கிலத்திலேயே பேசிப் படிக்கிற பிள்ளைகள் இவர்கள். மொழி தெரியாமல் இந்த மதிப்பெண் போகவில்லை. குடும்பத்தினருக்கான போர்ட்டலில் பிள்ளை எழுதிய பதிலையே திறந்து படிக்கலாம். மதிப்பெண்ணைப் பார்த்ததும் மூடிவிடாமல் அதைப் படியுங்கள்.

ஒரு முறை திருத்தும்போது 5 மதிப்பெண்: கருத்து வளர்ச்சிக்கும் அமைப்புக்கும் 3, இலக்கணம், எழுத்துப்பிழை, நிறுத்தக்குறிக்கு 2. இரண்டு தடவை மதிப்பிட்டுக் கூட்டுவதால் 10. கருத்துக்குப் பூஜ்யம் விழுந்தால், இலக்கணம் எவ்வளவு சுத்தமாக இருந்தாலும் அந்த 2-ம் கிடைக்காது. வீட்டில் நாம் ஸ்பெல்லிங்கைத் திருத்திக்கொண்டே இருக்கிறோம். அங்கே ஒன்றிரண்டு பிழை பெரிதாகக் குறைப்பதில்லை. குறைவது அந்த 3-ல்தான், அதுவும் பெரும்பாலும் ஒரே காரணத்தால்: சான்று இருக்கும், விளக்கம் இருக்காது.

ஒரு உதாரணம் வைத்துக்கொள்வோம். பாட்டியின் பழைய ரேடியோவைச் சரிசெய்யும் சிறுமியின் கதை. அவள் எப்படி மாறுகிறாள் என்பது கேள்வி. வழக்கமாக வரும் பதில் இப்படி இருக்கும்:

"அவள் பொறுமை கற்றுக்கொள்கிறாள். 'மூன்றாவது தடவையாகத் திருகைக் கழற்றினாள்' என்று கதையில் வருகிறது. இது அவள் பொறுமை கற்றதைக் காட்டுகிறது."

மூன்றாவது வாக்கியம் முதல் வாக்கியத்தையே திரும்பச் சொல்கிறது. அந்த இடத்தில் வந்திருக்க வேண்டியது இது: "தொடக்கத்தில் ஒரு கம்பி அறுந்ததுமே ரேடியோவை மூலையில் வைத்தவள், இப்போது யாரும் சொல்லாமலே மறுபடி கழற்றுகிறாள். தவறு நடந்தால் வேலை முடிந்துவிட்டது என்று அவள் இனி நினைப்பதில்லை." முன்பு எப்படி, இப்போது எப்படி, ஆகவே என்ன என்று மூன்றும் வந்துவிட்டன. ஒரு வரி மேற்கோள் எடுத்தால் இரண்டு வரி விளக்கம். வேறெதையும் மறந்தாலும் இதை மறக்க வேண்டாம்.

கட்டுரையை டைப் செய்யும் பெட்டியில் 2,300 எழுத்துகளுக்கு மேல் ஏறாது. அறிமுகத்தை நீட்டினால் விளக்கத்துக்கு இடம் போய்விடும். அறிமுகம் இரண்டே வாக்கியம், அதில் மையக் கருத்து கட்டாயம். பிறகு இரண்டு பத்தி. முடிவுக்கு ஒரு வாக்கியம் போதும்.

எழுதும் முன் கேள்வியை இரண்டு தடவை படிக்கச் சொல்லுங்கள். வாதக் கட்டுரை கேட்டால் ஒரு பக்கம் நின்றே ஆக வேண்டும். "இரண்டிலும் நன்மை உண்டு" என்று முடித்தால் வாதமே இல்லை. தகவல் கட்டுரை கேட்டால் சொந்த அபிப்பிராயத்துக்கு அங்கே வேலை இல்லை. இரண்டு வாசிப்புப் பகுதிகளை வைத்துக் கேட்டிருந்தால் இரண்டிலிருந்தும் சான்று வராமல் முழு 3 கிடைக்காது.

மற்றவை சுருக்கமாக:

- கதையின் கருப்பொருள் ஒற்றைச் சொல் அல்ல. 'நட்பு' என்பது கதை பேசும் விஷயம் மட்டுமே. 'நட்பில் உண்மை சொல்வதற்கும் துணிச்சல் வேண்டும்' என்பது கருப்பொருள். ஒற்றைச் சொல்லோடு நின்றால் சிறு பதில் கேட்கும் கேள்விகளிலும் மதிப்பெண் போகும்.
- சிறு பதிலுக்கு 475 எழுத்துதான். பதில், சான்று, நிறுத்து.
- வாக்கியப் பிழையைத் திருத்தும் எடிட்டிங் கேள்விகளில் 'தி பாக்ஸ் ஆஃப் ஓல்ட் புக்ஸ் ஆர் ஹெவி' போன்ற வாக்கியத்தில் காது ஏமாற்றும். 'ஆர்' பக்கத்தில் 'புக்ஸ்' இருப்பதால் சரியாக ஒலிக்கிறது. எழுவாய் 'பாக்ஸ்'. 'ஆஃப்' தொடங்கும் துண்டை விரலால் மறைத்துப் படித்தால் 'இஸ்' தானாக வரும்.
- இரண்டு முழு வாக்கியங்களைக் கமா மட்டும் போட்டு ஒட்டக்கூடாது. முற்றுப்புள்ளி வையுங்கள், அல்லது கமாவோடு 'அண்ட்', 'பட்' சேருங்கள்.
- கிரேக்க, லத்தீன் வேர்ச்சொற்கள் மூன்று வகுப்புகளிலும் உண்டு. ஸ்பெல்லிங் பீ என்ற எழுத்துக்கூட்டல் போட்டிக்குத் தயாராகிற பிள்ளைகளுக்கு இவை பழக்கம்தான். மற்றவர்கள் நீளமான சொற்பட்டியலை மனப்பாடம் செய்வதில் எனக்கு நம்பிக்கை இல்லை. வேரைப் பிடித்து, வாக்கியத்தில் வைத்துப் பார்த்தால் போதும். தேர்வில் அகராதியும் வைத்துக்கொள்ளலாம்.

விடுமுறையில் புதுப் பயிற்சிப் புத்தகம் வாங்க அவசரப்பட வேண்டாம். மாநிலக் கல்வித்துறை பழைய வினாத்தாள்களோடு, மாணவர்கள் எழுதிய மாதிரிப் பதில்களையும் ஒவ்வொன்றுக்கும் ஏன் அந்த மதிப்பெண் என்ற குறிப்பையும் இலவசமாகவே வெளியிடுகிறது. கருத்துக்கு 1 வாங்கிய பதிலையும் 3 வாங்கிய பதிலையும் அச்செடுங்கள். சான்றுக்கு மஞ்சள், விளக்கத்துக்குப் பச்சை என்று பிள்ளையையே கோடிடச் சொல்லுங்கள். பிறகு அதே இரண்டு நிறத்தில் பிள்ளையின் சொந்தக் கட்டுரை. பச்சை எங்கே இல்லையோ, அந்த இடத்தில் மட்டும் இரண்டு வாக்கியம் புதிதாக டைப் செய்யட்டும். முழுக் கட்டுரையையும் திருப்பி எழுத வைக்காதீர்கள்.