கேமராவைச் செருகியதும் முளைக்கும் இணைப்புகள்: சோதனை நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

விண்டோஸ் லேப்டாப்பில் யுஎஸ்பி வழியாக ஓர் ஆக்‌ஷன் கேமராவைச் செருகியதும், கம்ப்யூட்டரின் நெட்வொர்க் இணைப்புப் பட்டியலில் அதுவரை இல்லாத வரிகள் வருகின்றன. ஒரு சாதாரண வெப்கேமைச் செருகினாலும் சில வரிகள் வருகின்றன. இவற்றைத் திறப்பது யார் என்பதுதான் கேள்வி.

சாதாரண யுஎஸ்பி கேமராவுக்கு ஐபி முகவரியே கிடையாது. அது தானாக இணையத்துக்குப் போக முடியாது. ஆகவே வழி இரண்டுதான். கேமரா வந்ததைக் கவனித்த ஏதோ ஒரு புரோகிராம் கம்ப்யூட்டரிலிருந்து வெளியே போகிறது. இல்லையென்றால், கேமரா தன்னை ஒரு நெட்வொர்க் கார்டு என்று சொல்லிக்கொண்டு உள்ளே வந்திருக்கிறது. இதில் எது என்று பிரித்துக்கொள்ளாமல் ஐபி முகவரிகளை ஒவ்வொன்றாகத் தேடுவது வீண் வேலை.

முதலில் ஒப்பிட்டுப் பார்க்க ஒரு பழைய பட்டியல் வேண்டும். கேமராவைக் கழற்றி, பிரௌசரை மூடி, ஐந்து நிமிடம் விட்டுவிட்டு, அட்மின் கமாண்ட் விண்டோவில் நெட்ஸ்டாட்டை (இணைப்புகளைப் பட்டியலிடும் கட்டளை) -ஏ, -பி, -என், -ஓ சுவிட்சுகளோடு ஓட்டி ஃபைலாக வைத்துக்கொள்ள வேண்டும். பிறகு செருகி, பத்தாவது நொடியில் ஒன்று, ஒரு நிமிடத்தில் ஒன்று, ஐந்து நிமிடத்தில் ஒன்று. -பி இருந்தால்தான் புரோகிராமின் பெயர் வரும். அட்மின் உரிமை இல்லாமல் அது ஓடாது.

பட்டியலைப் படிக்கும்போது இரண்டு இடத்தில் ஏமாறலாம். ‘டைம் வெயிட்’ நிலையில் இருக்கும் வரிகளுக்குப் பிராசஸ் எண் 0 என்று வரும். அது ஒளிந்திருக்கும் புரோகிராம் இல்லை. முடிந்துபோன இணைப்பின் மிச்சம். அடுத்து, இணைப்பு ஏற்படுத்தாமலே பாக்கெட் அனுப்பும் யுடிபியில் எதிர்முனை முகவரி எதுவும் தெரியாது, வெறும் நட்சத்திரக்குறிதான். பிரௌசர்கள் பயன்படுத்தும் குவிக் என்ற முறை வழியாக யுடிபி 443-ல் போகும் போக்குவரத்து எங்கே போகிறது என்பது இந்தப் பட்டியலில் பிடிபடாது.

4 மார்ச் 2025, செவ்வாய்

வெப்கேமுக்கு வந்த வரிகளில் பெரும்பாலானவை எஸ்விசிஹோஸ்ட் பெயரில், மறைகுறியாக்கப்பட்ட இணையப் போக்குவரத்துக்கான 443-ம் போர்ட்டுக்குப் போகின்றன. இந்தப் பெயர் மட்டும் எதையும் சொல்லாது, ஏனென்றால் விண்டோஸின் பல சர்வீஸ்கள் இதற்குள்தான் ஓடுகின்றன. பிராசஸ் எண்ணைக் குறித்துக்கொண்டு, டாஸ்க்லிஸ்ட் கட்டளையை எஸ்விசி சுவிட்சோடு ஓட்டினால் உள்ளே எந்த சர்வீஸ் என்று தெரிந்துவிடும். டிவைஸ் செட்டப் மேனேஜர், விண்டோஸ் அப்டேட் ஆகியவை வந்தால், அது டிரைவரையும் சாதனத்தின் படம், பெயர் போன்ற விவரங்களையும் மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்து எடுக்கும் வேலை. டிசிபி 7680 போர்ட்டில் உள்ளே வரும் இணைப்புகளுக்காகக் காத்திருப்பது டெலிவரி ஆப்டிமைசேஷன், அப்டேட்டுகளைப் பக்கத்துக் கம்ப்யூட்டர்களோடு பகிரும் சர்வீஸ்.

உறுதிப்படுத்த ஒரு நல்ல சாட்சி உண்டு. விண்டோஸ் ஃபோல்டருக்குள் ஐஎன்எஃப் என்ற ஃபோல்டரில் செட்அப்ஏபிஐ.டெவ்.லாக் என்ற பதிவு ஃபைல் இருக்கும். சாதனம் நிறுவப்பட்ட நேரம் அதில் நொடிக்கணக்கில் பதிவாகியிருக்கும். இணைப்பு வந்த நேரமும் அந்த நேரமும் ஒட்டினால் சந்தேகம் தீர்ந்தது.

ஒரே கேமராவை வேறு போர்ட்டில் செருகும்போது இந்த இணைப்புகள் திரும்ப வந்தால் பதற வேண்டாம். சீரியல் நம்பரை வெளியிடாத யுஎஸ்பி சாதனத்தை விண்டோஸ் போர்ட்டை வைத்துத்தான் அடையாளம் காண்கிறது. போர்ட் மாறினால் அதன் கணக்கில் அது புதுச் சாதனம், நிறுவல் மறுபடி முதலிலிருந்து நடக்கும்.

6 மார்ச் 2025, வியாழன்

கேமரா நிறுவனத்தின் துணை மென்பொருள். செருகியதும் விழித்துக்கொண்டு, புது ஃபர்ம்வேர் (கேமராவுக்குள் ஓடும் மென்பொருள்) இருக்கிறதா என்று கேட்கப் போவது இதன் வழக்கம். டாஸ்க் ஷெட்யூலர், சர்வீஸ் பட்டியல், ஸ்டார்ட்அப் மூன்றிலும் தேட வேண்டும். ஒன்றில் மட்டும் நிறுத்தினால் இன்னொன்று எழுப்பிவிடும். 127.0.0.1-லிருந்து 127.0.0.1-க்கே போகும் வரிகள் அந்த மென்பொருளின் பகுதிகள் தங்களுக்குள் பேசிக்கொள்வது, கம்ப்யூட்டரைத் தாண்டாது.

வெளியே போவதைத் தடுக்க வேண்டுமென்றால் ஐபியை அல்ல, புரோகிராமைத் தடுக்க வேண்டும். சர்வர் முகவரிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்டோஸ் ஃபயர்வால் வெளியே போவதை இயல்பாகவே அனுமதிப்பதால், அவுட்பவுண்ட் விதியை நாம்தான் எழுத வேண்டும்.

7 மார்ச் 2025, வெள்ளி

இன்றுதான் முக்கியமான பகுதி: ஆக்‌ஷன் கேமரா. இங்கே எந்தப் புரோகிராமையும் நிறுத்திப் பயனில்லை, ஏனென்றால் கேமராவே ஒரு நெட்வொர்க் கார்டாக உள்ளே வருகிறது.

இதைப் பார்க்க லினக்ஸ் வசதியானது. எல்எஸ்யுஎஸ்பி கட்டளையை -வி சுவிட்சோடு ஓட்டினால், சாதனம் தன்னை என்னவெல்லாம் என்று அறிவிக்கிறதோ அவ்வளவும் இன்டர்ஃபேஸ் வாரியாக வரும். சாதன வகையைச் சொல்லும் கிளாஸ் எண்ணைப் பார்த்தால் போதும். 14 என்றால் வீடியோ, 1 ஆடியோ, 3 விசைப்பலகை, பட்டன் வகை, 8 சேமிப்பகம். 2-ம் 10-ம் சேர்ந்து வந்தால் தகவல்தொடர்புச் சாதனம். யுஎஸ்பி ஈதர்நெட் பெரும்பாலும் இந்த வடிவில்தான் வரும். 224 என்று வந்தால் மைக்ரோசாஃப்ட்டின் யுஎஸ்பி நெட்வொர்க் முறையான ஆர்என்டிஐஎஸ் ஆக இருக்க வாய்ப்பு உண்டு. 255 என்றால் தயாரிப்பாளரின் சொந்த வகை, அதை வைத்து ஒரு முடிவுக்கும் வர முடியாது. லினக்ஸ் கெர்னலின் செய்திகளைக் காட்டும் டிமெசேஜில் யுவிசிவீடியோ என்ற கேமரா டிரைவர் மட்டும் வந்தால் அது வெறும் கேமரா. சிடிசி-என்சிஎம், சிடிசி-ஈதர், ஆர்என்டிஐஎஸ்-ஹோஸ்ட் ஆகிய டிரைவர்களில் ஒன்று ஏறியிருந்தால் நெட்வொர்க் கார்டு வந்திருக்கிறது.

கோப்ரோ கேமராக்கள் ‘கோப்ரோ கனெக்ட்’ முறையில் இப்படித்தான் வேலை செய்கின்றன. கேமராவின் ஐபி அதன் சீரியல் நம்பரின் கடைசி மூன்று இலக்கங்களிலிருந்து வருகிறது. அவை 485 என்றால் முகவரி 172.24.185.51: முதல் இலக்கம் 172.2-ஐ அடுத்து வரும், மூன்று இலக்கத் தொகுதியில் 1-க்குப் பின் மற்ற இரண்டும் வரும். கட்டளைகள் 8080 போர்ட்டில், வீடியோ யுடிபி 8554-ல். பட்டியலில் 172.20 முதல் 172.29 வரை தொடங்கும் முகவரியைப் பார்த்து ஏதோ வெளிநாட்டு சர்வர் என்று தடுத்துவிடக் கூடாது. 172.16 முதல் 172.31 வரை முழுக்க உள் பயன்பாட்டு முகவரிகள்; இந்தப் பாக்கெட்டுகள் யுஎஸ்பி கேபிளைத் தாண்டுவதில்லை. டாக்கர் (புரோகிராம்களைத் தனித்தனிப் பெட்டிகளில் ஓட்டும் மென்பொருள்) ஓடும் கம்ப்யூட்டரில் மட்டும் கவனம் வேண்டும். அதுவும் தன் உள் நெட்வொர்க்குகளை 172.17 தொடங்கி எடுத்துக்கொள்கிறது. இரண்டும் ஒரே வரம்பில் விழுந்தால் கேமரா தெரியாமல் போகும்.

வீடியோ வராமல் கறுப்பாகவே இருந்தால் ஃபயர்வாலைப் பாருங்கள். கேமரா கொண்டுவரும் நெட்வொர்க்கை விண்டோஸ் ‘அடையாளம் தெரியாதது’ என்று பப்ளிக் பிரிவில் வைக்கும். புரோகிராமுக்குப் பிரைவேட்டில் மட்டும் அனுமதி கொடுத்திருந்தால் 8554-க்கு வரும் பாக்கெட்டுகள் வாசலிலேயே நின்றுவிடும்.

10 மார்ச் 2025, திங்கள்

செருகியதும் இணையமே நின்றுபோவது இதன் அடுத்த கட்டம். கேமராவைவிட, ஈதர்நெட் உள்ள யுஎஸ்பி டாக்குகளிலும், வெப்கேமாகப் பயன்படுத்தும் போனில் டெதரிங் இயங்கும்போதும் இது அடிக்கடி நேரும். புதுக் கார்டுக்கு டிஎச்சிபி (முகவரிகளைத் தானாக வழங்கும் முறை) ஒரு கேட்வே, அதாவது வெளியே போகும் வாசல், கொடுத்துவிட்டால், எந்த வழியே வெளியே போவது என்று கம்ப்யூட்டர் மறுபடி முடிவெடுக்கிறது. லினக்ஸின் நெட்வொர்க் மேனேஜர் கம்பி இணைப்புக்கு 100, வைஃபைக்கு 600 என்று மெட்ரிக், அதாவது முன்னுரிமை எண், வைக்கும். எண் குறைந்தது வெல்லும். ஆகவே நன்றாக ஓடிக்கொண்டிருந்த வைஃபை தோற்றுப்போகிறது.

தீர்வு எளிது. லினக்ஸில் அந்த இணைப்புக்கு ‘நெவர் டிஃபால்ட்’, ‘இக்னோர் ஆட்டோ டிஎன்எஸ்’ இரண்டையும் இயக்கினால் போதும். விண்டோஸில் அந்தக் கார்டின் ஐபிவி4 அட்வான்ஸ்டு அமைப்பில் ஆட்டோமேட்டிக் மெட்ரிக் டிக்கை எடுத்துவிட்டு 500 என்று போடலாம். மேக்கில் சர்வீஸ் வரிசையில் வைஃபையை மேலே இழுக்க வேண்டும். பெயரை முகவரியாக மாற்றும் டிஎன்எஸ்ஸை மறந்துவிட்டால் பாதி வேலைதான் முடிந்திருக்கும்: பாதை சரியாகி, பெயர் தேடல் மட்டும் பதில் சொல்லாத முகவரிக்குப் போய்க்கொண்டிருக்கும்.

எச்டிஎம்ஐ கேபிள் வழியாக டிவி நெட்வொர்க்கில் நுழைகிறதா என்ற சந்தேகத்துக்கும் இங்கேயே பதில். 2009-ல் வந்த எச்டிஎம்ஐ 1.4-ல் 100 எம்பிபிஎஸ் ஈதர்நெட் சேனல் சேர்க்கப்பட்டது உண்மை, 14-ம் 19-ம் பின்கள் அதற்குரியவை. ஆனால் இரண்டு முனையிலும் அதற்கான சர்க்யூட் இருக்க வேண்டும். வீட்டுச் சாதனங்களில் அது இருப்பது மிக அரிது. டிவி நெட்வொர்க்கில் தெரிந்தால் அதன் சொந்த வைஃபையைத்தான் பார்க்க வேண்டும்.

11 மார்ச் 2025, செவ்வாய்

பாக்கெட்டுகளைப் பிடித்துக் காட்டும் வயர்ஷார்க்கைப் புதுக் கார்டில் மட்டும் ஓட்டினால் கூட்டம் குறையும். 224.0.0.251-க்கு யுடிபி 5353, 239.255.255.250-க்கு 1900, 3702: இவை மூன்றும் பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று தேடும் அழைப்புகள். கேமரா ஆப்களும் கம்ப்யூட்டரும் சர்வசாதாரணமாக அனுப்புபவை. 443 இணைப்புகள் மறைகுறியாக்கப்பட்டிருந்தாலும், இணைப்பின் தொடக்கத்தில் போகும் கிளையன்ட் ஹலோ பாக்கெட்டில் சர்வர் பெயர் பெரும்பாலும் படிக்கும்படி இருக்கும். எங்கே போகிறது என்பதற்கு ஐபியைவிட அந்தப் பெயர் நல்ல தடயம்.

நிஜமாகவே கவலைப்பட வேண்டிய அறிகுறிகள் வேறு. கிளாஸ் 3 வந்தாலே ஆபத்து இல்லை, மியூட் பட்டன் உள்ள வெப்கேமிலும் அது இருக்கும். ஆனால் சப்கிளாஸ் 1, புரோட்டோகால் 1 என்று முழு விசைப்பலகையாக ஒரு கேமரா அறிவித்துக்கொண்டால் உடனே கழற்றுங்கள். யுஎஸ்பி சாதனம் ஆள்மாறாட்டம் செய்ய முடியும் என்பதை 2014 பிளாக் ஹேட் பாதுகாப்பு மாநாட்டில் கார்ஸ்டன் நோலும் யாகோப் லெல்லும் பேட்யுஎஸ்பி என்ற பெயரில் காட்டினார்கள். 2016-ல் சாமி கம்கர் வெளியிட்ட பாய்சன்டேப் என்ற தாக்குதல் கருவி நம் விஷயத்துக்கு இன்னும் நெருக்கம். அது யுஎஸ்பி ஈதர்நெட்டாக நுழைந்து, மொத்த ஐபிவி4 முகவரிப் பரப்பும் தன் பக்கத்து நெட்வொர்க்தான் என்று டிஎச்சிபியில் சொல்கிறது. வேறு பாதை இல்லாதபோது பயன்படும் டிஃபால்ட் ரூட்டைவிடக் குறிப்பான பாதைக்கே முன்னுரிமை என்பதால், நேற்றைய மெட்ரிக் மாற்றம் இதைத் தடுக்காது. ரூட் பட்டியலில் 128.0.0.0 என்ற நெட்மாஸ்க் (முகவரிப் பரப்பை இரண்டு பாதியாகப் பிரிக்கும் எண்) தென்பட்டால் விபிஎன் ஓடுகிறதா என்று முதலில் பாருங்கள், சில விபிஎன்களும் இதே உத்தியைப் பயன்படுத்தும். விபிஎன் இல்லையென்றால் அந்தச் சாதனத்தை மறுபடி செருகக் கூடாது.

லினக்ஸில் யுஎஸ்பிகார்டு (யுஎஸ்பி சாதனங்களை விதிப்படி அனுமதிக்கும் மென்பொருள்) இருந்தால் வேலை சுலபம். கிளாஸ் 14-ம் 1-ம் மட்டும் உள்ள சாதனங்களை அனுமதித்து, மற்ற எல்லாவற்றையும் தடுக்கும்படி விதி எழுதலாம். மியூட் பட்டன் வேண்டுமென்றால் கிளாஸ் 3-ஐ அந்த ஒரு மாடலுக்கு மட்டும், அதன் சீரியல் நம்பரோடு சேர்த்துத் திறந்துவிடுங்கள். ஃபர்ம்வேர் அப்டேட்டுக்குப் பிறகு கேமரா அறிவிக்கும் இன்டர்ஃபேஸ்கள் மாறக்கூடும். அப்போது எல்எஸ்யுஎஸ்பியை இன்னொரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டே விதியைத் திருத்த வேண்டும்.