பொங்கல் பானைகளில் ஒரு பூந்தொட்டி அடுக்கு

பொங்கல் முடிந்ததும் பானையைக் கழுவிக் காயவைத்துப் பரணில் ஏற்றிவிடுவது எங்கள் வீட்டு வழக்கம். அடுத்த தைக்குப் புதுப்பானை வந்துவிடும். பழையதைத் தூக்கிப்போட அம்மாவுக்கு மனம் வராது. ஆடியில் பரணைச் சுத்தம் செய்தபோது ஐந்து பானைகள் இறங்கின. அரைப்படி முதல் இரண்டு படி வரை, எல்லாமே மானாமதுரைப் பானைகள், அடியில் கரி படிந்தவை. வாசல் பக்கம் ஒரு கம்பியை நட்டு, இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாகச் சாய்வாகக் கோத்துச் செடி வைக்கலாமே என்று தோன்றியது.

முதல் சிக்கல், ஓட்டை. பூந்தொட்டிக்கு அடியில் ஓட்டை இருக்கும், பொங்கல் பானைக்கு ஏது? மானாமதுரையில் செய்யும் கடம் நல்ல கனமாக இருக்கும். சமையல் பானை அப்படியில்லை, மெலிசு. இது தெரிந்திருந்தும் அவசரப்பட்டு, டிரில் மெஷினைச் சுவருக்கு வைப்பதுபோல அடித்துத் துளைக்கும் முறையிலேயே வைத்தேன். அரை நிமிடத்தில் 'டப்' என்று இரண்டாகப் பிளந்தது. அம்மா ஒன்றும் சொல்லவில்லை, சில்லுகளை மட்டும் பொறுக்கி எடுத்து வைத்தார்.

மற்ற நான்கையும் ஒரு ராத்திரி முழுக்கத் தண்ணீரில் ஊறப்போட்டேன். மறுநாள் ஒவ்வொன்றிலும் ஈர மணலை இறுக்கி நிரப்பி, மணல் மூட்டைமேல் கவிழ்த்து வைத்து, அடித்துத் துளைக்கும் முறையை நிறுத்திவிட்டு, மெதுவாகச் சுற்றவிட்டேன். முதலில் 4 மில்லிமீட்டர், அப்புறம் 8, கடைசியில் 14. துளைக்கும் இடத்தில் தண்ணீர் சொட்டிக்கொண்டே இருக்கவேண்டும். உள்ளே இருக்கும் மணல் பானையின் சுவரைத் தாங்கிக்கொள்வதால் விரிசல் விடவில்லை. ஒரு பானைக்குக் கால் மணி நேரம் ஆனது. நான்கும் பிழைத்தன.

கம்பி நடுவது சுலபமான வேலை. 10 மில்லிமீட்டர் முறுக்குக் கம்பி ஏழு அடி, அதில் இரண்டு அடி மண்ணுக்குள். கீழே ஒரு பெரிய மண் தொட்டி நேராக, அதன்மேல் பானைகள் இடப்பக்கம், வலப்பக்கம் என மாறி மாறிச் சாய்ந்தன. பானையின் அடி உருண்டையாக இருப்பது இங்கே வசதி, எந்தப் பக்கம் சாய்த்தாலும் உட்கார்ந்துகொள்கிறது. ஓட்டைமேல் அந்த உடைந்த பானையின் சில்லுகளைப் போட்டேன். செம்மண் இரண்டு பங்கு, மண்புழு உரம் ஒரு பங்கு, தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு. நார்க்கழிவில் உப்பு இருக்கும், இரண்டு மூன்று தண்ணீரில் அலசிப் பிழிந்த பிறகே கலக்கவேண்டும்.

அடுத்தது பெயின்ட். பளபளப்பாக இருக்கட்டும் என்று, கரி படிந்த அடியை மட்டும் விட்டுவிட்டு, வெளிப்புறம் முழுக்க எனாமல் அடித்தேன். மூன்றே வாரத்தில் கொப்புளம் கொப்புளமாகக் கிளம்பி உரிந்தது. காரணம் எளிது. மண் பானையின் சுவர் வழியாக ஈரம் வெளியே கசிந்துகொண்டே இருக்கும், பானைத் தண்ணீர் குளிர்வதே அதனால்தான். எனாமல் அந்த வழியை அடைக்கிறது, ஈரம் உள்ளிருந்து அதைத் தள்ளிவிடுகிறது.

உப்புத்தாள் போட்டு எல்லாவற்றையும் சுரண்ட ஒரு ஞாயிறு முழுக்கப் போனது. அப்புறம் திண்ணைக்குப் பூசுகிற காவியைக் கரைத்துப் பூசி, சுண்ணாம்பில் கொஞ்சம் வடிகஞ்சி கலந்து வெள்ளைக் கோடு இழுத்தேன். கரி படிந்த அடிப்பாகத்தைத் தொடவில்லை. காவிக்குக் கீழே அந்தக் கறுப்புத் தெரிவது எனக்கு மிகவும் பிடித்திருக்கிறது. இவை பொங்கி வழிந்த பானைகள் என்று பார்த்ததும் தெரியவேண்டும். ஐப்பசி மழையில் காவி கொஞ்சம் கரைந்தது. பரவாயில்லை, தைக்குத் திண்ணைக்குப் பூசும்போது இதற்கும் ஒரு கை பூசிவிடலாம்.

செடி விஷயத்தில் ஒரு மாற்றம் செய்யவேண்டி வந்தது. உச்சிப் பானையில் புதினா வைத்திருந்தேன். எல்லாவற்றிலும் சின்னதும், வெயில் அதிகம் படுவதும் அதுதான். காலையில் ஊற்றினால் மதியத்துக்குள் காய்ந்து, இலை மஞ்சளடித்தது. இப்போது புதினா அடித்தொட்டிக்குப் போய்விட்டது, மேலிருந்து வடியும் தண்ணீரே அதற்குப் பாதி போதும். உச்சியில் பத்துமணிப் பூத் தண்டுகளை ஒடித்துச் செருகினேன். நடு மூன்றிலும் கற்பூரவல்லி. பானையின் வாய் குறுகல், வேர் பருத்துவிட்டால் பானையை உடைக்காமல் செடியை எடுக்க முடியாது. அதனால் தண்டு ஒடித்து வைத்தால் வருகிற செடிகள் மட்டும்தான் இதில். நேற்றுக் காலை உச்சியில் ஆறு பூ.