அடக்கி வாசித்தல்

"அவர் காயத்தை ப்ளே டவுன் செய்தார்" என்ற ஆங்கில வரியைக் காட்டி, "கீழே விளையாடினாராப்பா?" என்றாள் மகள்.

இல்லை கண்ணு. காயம் அப்படியேதான் இருக்கிறது. அது பெரிதில்லை என்பதுபோலப் பேசினார்.

டவுன்ப்ளே என்று ஒரே சொல்லாகவும் வரும். எதிர்ப்பதம் ப்ளே அப். 'இட்' வந்தால் நடுவில்தான் உட்காரும்: ப்ளே இட் டவுன். ப்ளே டவுன் இட் என்றால் தவறு.

சரி, தமிழில்? சட்டென்று வந்தது: அடக்கி வாசித்தார்! ப்ளே என்றால் வாத்தியம் வாசிப்பதும்தானே. அங்கேயும் ப்ளே, இங்கேயும் வாசிப்பு. எவ்வளவு அழகு! நம்முடையதில் கொஞ்சம் அடக்கமும் சேர்ந்தே ஒலிக்கிறது. ஆங்கிலத்தில் சில சமயம் எதையோ மறைக்கிற வாடையும் வரும்.

அப்புறம் கேட்டாள்: "முதுகு வலிக்கலைன்னு நேத்து சொன்னீங்களே, அதுவும் இதுதானா?"

ஆமாம் என்றேன்.